ஊரூராய் ஒளி ஏந்திய சாமிக்கண்ணு வின்சென்ட்

நூலை இயற்றிய புலவரை உலகம் போற்றுகின்றது. அந்நூலின் ஏடுகளைச் சுமந்து சென்று, ஊர்தோறும் மக்களுக்கு விரித்துரைத்தவரின் பெயர் நெடுநாள் நிலைப்பதில்லை. நாடகத்தை எழுதியவர் பெயர் நிற்கின்றது; மேடை அமைத்து, விளக்கேற்றி, மக்களை அழைத்து அமர வைத்தவர் பெயர் மறைந்துவிடுகின்றது. ஆயினும், காண்போர் இல்லையேல் கலை ஏது? கலைஞனையும் மக்களையும் இணைக்கும் பாலமாக நின்று உழைப்போரின் தொண்டு எவ்வகையிலும் குறைந்ததன்று. அத்தகைய தொண்டிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் கோவை நகரிலே வாழ்ந்தார். தென்னாட்டு மக்களுக்குப் படக்காட்சியை ஊரூராய்க் கொண்டு சென்று காட்டிய அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

இன்று தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், அது காவிரிக் கரையிலுள்ள ஊராயினும், ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் போன்ற ஊராயினும், முதியோரை அணுகி அவர்தம் இளமைக்காலப் பொழுதுபோக்கைக் கேட்டால், கூடாரக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த கதையை மகிழ்ச்சியுடன் கூறுவர். அக்கூடாரக் கொட்டகைகளுக்கெல்லாம் முன்னோடியாகத் தென்னாட்டில் எழுந்தது வின்சென்ட் அவர்களின் கூடாரம். அவர் வரலாற்றை அறியுமுன், படக்காட்சி நம் நாட்டுக்கு வந்த வகையைச் சிறிது அறிதல் வேண்டும்.

படக்காட்சியின் வருகை

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூமியேர் உடன்பிறந்தார் இருவர், அசையும் படங்களைப் பிடிக்கவும் திரையில் காட்டவும் வல்ல கருவி ஒன்றை அமைத்தனர். 1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், பாரிசு நகரின் உணவு விடுதி ஒன்றில் கட்டணம் பெற்றுக்கொண்டு அப்படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டினர். ஆறு திங்களுக்குச் சற்று மேலான காலத்துக்குள், 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், பம்பாயிலுள்ள வாட்சன் விடுதியில் அப்புதுமை காட்டப்பெற்றது. அடுத்த ஆண்டில் சென்னை மக்களும் விக்டோரியா பொதுமண்டபத்தில் அசையும் படங்களைக் கண்டனர்.

ஆனால், இக்காட்சிகள் பெருநகரங்களோடு நின்றன. ஐரோப்பியரும், ஆங்கிலம் கற்றோரும், செல்வரும் கூடும் இடங்களில் அவை நடைபெற்றன. ஏர் உழுவோரும், தறி நெய்வோரும், சந்தையிற் சுமை தூக்குவோரும் அவற்றைக் காணும் வாய்ப்பு மிக அரிதாயிருந்தது. கண்டுபிடிப்பு ஒன்று தோன்றுவது வேறு. அது எளிய மக்களின் வாயிலை அடைவது வேறு. முன்னதைச் செய்தவர் பாரிசிலே இருந்தனர். பின்னதைச் செய்தற்கு உரியவர் அப்போது திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் பணி செய்துகொண்டிருந்தார்.

இளமையும் பணியும்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலே பிறந்தார். அந்நாளில் கோவை, இன்றுள்ளது போன்ற பெருந்தொழில் நகரமாக வளர்ந்திருக்கவில்லை. அங்கே முதல் நூற்பாலை 1888-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. பஞ்சு வாணிகமும் வேளாண்மையும் சார்ந்த அமைதியான ஊராக அது இருந்தது. கல்வி கற்ற இளைஞர்க்கு அரசாங்க அலுவலகமும் இருப்புப்பாதை அலுவலகமும் நல்ல புகலிடங்களாக விளங்கின. வின்சென்டும் தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியில் சேர்ந்து, திருச்சிராப்பள்ளியிலே பணியாற்றினார். அவர் பெற்ற ஊதியம் திங்களுக்கு 25 ரூபாய் என்பர்.

திங்கள் முடிந்ததும் தவறாது கைக்கு வரும் ஊதியம், அந்நாளில் எளிதிற் கிடைக்கும் பேறன்று. மழை பொய்த்தால் உழவன் வாடுவான். விலை வீழ்ந்தால் வணிகன் கலங்குவான். இருப்புப்பாதை ஊழியனுக்கோ அத்தகைய கவலை இல்லை. ஆகவே, அப்பணியை ஒருவர் தாமே துறப்பதென்றால், ஊரார் அதனை அறியாமை என்றே கருதுவர். அத்தகைய துணிவைச் செய்யும் நிலை வின்சென்டுக்கு 22-ஆம் வயதில் நேர்ந்தது.

வாழ்வை மாற்றிய கருவி

1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தார். அவர் அசையும் படங்களைக் காட்டிப் பொருளீட்டி வந்தவர். இலங்கையில் காட்சிகளை நடத்திவிட்டுத் தமிழகத்துக்கு வந்த அவருக்கு உடல்நலம் குன்றியது. மேலும் பயணம் செய்ய இயலாத நிலையில், தம்மிடமிருந்த கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்ப எண்ணினார். அவற்றின் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய்.

அத்தொகையின் அளவை மாணவர்கள் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். திங்களுக்கு 25 ரூபாய் பெறுபவர், உண்ணாமலும் உடுக்காமலும் முழு ஊதியத்தையும் சேர்த்து வைத்தாலும், 2,000 ரூபாய் சேர 80 திங்கள் ஆகும். அஃதாவது, ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அத்தனை பெருந்தொகையைக் கொடுத்து வாங்கும் பொருளோ, நிலமன்று, வீடன்று, பொன்னுமன்று. ஒரு பொறியும், எளிதில் தீப்பற்றக்கூடிய சில படச்சுருள்களுமே ஆகும். பொறி பழுதுற்றால் செப்பனிடுவார் அருகில் இல்லை. மக்கள் காசு கொடுத்துக் காண வருவரோ மாட்டாரோ என்பதும் தெரியாது.

ஆயினும், வின்சென்ட் பணத்தைத் திரட்டி அக்கருவியை வாங்கினார். இருப்புப்பாதைப் பணியையும் விட்டார். கருவியோடு அவருக்குக் கிடைத்த படங்களுள் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. திருச்சிராப்பள்ளியில் அவர் முதற் காட்சிகளை நடத்தினார். பிறர் கருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர் பலர். அதனைத் தம் கையில் ஏற்று, தம் மக்களுக்குக் காட்ட முன்வந்தவர் அவர். தென்னிந்தியர் ஒருவர் படக்காட்சியைத் தொழிலாக மேற்கொண்ட வரலாறு இவ்வாறு தொடங்கியது.

கருவி இயங்கிய வகை

அந்நாளைய படக்கருவி எவ்வாறு இயங்கியது என்பதை அறிந்தால்தான், அவர் ஏற்ற பொறுப்பின் அருமை விளங்கும். படச்சுருள் என்பது ஒளி ஊடுருவும் நீண்ட நாடா. அதன் அகலம் 35 மில்லிமீட்டர். ஓர் அடி நீளத்தில் 16 சிறு படங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றும் முன்னதினின்று சிறிதே வேறுபட்டது. விளக்குக்கும் கண்ணாடி வில்லைக்கும் இடையே அந்நாடாவைச் செலுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் வீதம் திரையில் விழச் செய்தால், தனித்தனிப் படங்களை நம் கண்ணும் மூளையும் சேர்த்து ஒரே அசைவாக உணர்கின்றன. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடும்.

அந்நாளில் அந்நாடாவைச் செலுத்தியது கையால் சுழற்றும் பிடியே. சுழற்றுபவர் கை தளர்ந்தால் திரையிலுள்ள குதிரை சோர்ந்து நடக்கும். கை விரைந்தால் முதியவரும் துள்ளி ஓடுவர். ஒரே சீராகச் சுழற்றுவதற்குப் பயிற்சியும் பொறுமையும் தேவைப்பட்டன. மின்சாரம் இல்லாத ஊர்களில் ஒளிக்கு என் செய்வது? சுண்ணாம்புத் துண்டு ஒன்றை வாயுக்களின் கடுஞ்சுடரால் சூடேற்றி, அதிலிருந்து எழும் வெண்ணிற ஒளியைப் பயன்படுத்தும் முறை அக்காலத்து ஊர் சுற்றும் காட்சியாளரிடம் வழங்கியது.

அம்முறையில் இடர் மிகுதி. அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளாலானது. ஒரு பொறி பட்டாலும் பற்றி எரியும். எரியத் தொடங்கினால் நீரால் அணைப்பதும் அரிது. 1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், பாரிசு நகரில் அறச்சந்தை ஒன்றில் நடந்த படக்காட்சியின்போது, விளக்கிலிருந்து எழுந்த தீ பரவி, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். துணியாலான கூடாரத்துள், நூற்றுக்கணக்கான மக்களின் நடுவே, இத்தகைய விளக்கையும் சுருளையும் வைத்துக் காட்சி நடத்துவோன், காண்போரின் உயிருக்கும் காவலனாக இருத்தல் வேண்டும்.

கூடாரத்துடன் நெடும்பயணம்

நிலையான அரங்குகள் இல்லாத காலம் அது. எனவே, வின்சென்ட் அரங்கைத் தம்முடன் கொண்டு சென்றார். கூடாரம், கம்பங்கள், கயிறுகள், வெண்திரை, கருவி, படச்சுருள்கள் ஆகிய அனைத்தையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பயணம் செய்தார். இருப்புப்பாதைப் பணியை விட்டவருக்கு இருப்புப்பாதையே துணையாயிற்று. புகைவண்டி சென்ற ஊர்களுக்கெல்லாம் அவர் கூடாரமும் செல்லக்கூடியதாயிருந்தது. தமிழ்நாட்டில் தொடங்கிய அப்பயணம், வடக்கே லாகூர், பெஷாவர் ஆகிய நகரங்கள் வரையிலும், கிழக்கே கடல் கடந்து பர்மா வரையிலும் நீண்டது.

திரையில் உருவங்கள் அசைந்தன, ஆனால் பேசவில்லை. இடையிடையே எழுத்துக்கள் தோன்றினும், அவை பெரும்பாலும் அயல்மொழியிலே இருந்தன. படிக்க அறியாத மக்களே மிகுதி. ஆதலின், திரைக்கு அருகில் ஒருவர் நின்று, கதையை உரத்த குரலில் எடுத்துரைப்பது அக்காலக் கொட்டகைகளின் வழக்கமாயிற்று. கூத்தும் கதைகேட்பும் பழகிய நம் மக்களுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தியது. அயல்நாட்டுப் பொறியும் நம்மவர் குரலும் ஒன்று சேர்ந்தபோது, புதியதொரு கலை நம் மண்ணில் வேரூன்றத் தொடங்கியது.

பல இடங்களைச் சுற்றிய பின்னர், 1909-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து, எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்துக் காட்சிகளை நடத்தினார். பிரெஞ்சு நாட்டுப் பாத்தே கம்பெனியின் கருவிகளை விற்கும் முகவராகவும் ஆனார். இச்செயல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாம் ஒருவரே படம் காட்டிப் பொருளீட்ட வேண்டும் என்று எண்ணுபவர், பிறர்க்குக் கருவியை விற்க முன்வாரார். அவர் விற்ற கருவிகளைக் கொண்டு வேறு பலரும் இத்தொழிலில் இறங்கினர். ஒரு கூடாரம் பல கூடாரங்களாகப் பெருகியது. தெற்கே பல ஊர்களில் சுற்றும் படக்கொட்டகைகள் தோன்றலாயின.

வெரைட்டி ஹால்

கூடாரத்துக்கு மழையும் காற்றும் பகை. கோடையில் நிறையும் கூடாரம் மாரியில் வெறிச்சோடும். மேலும், நிலையான இடத்தில் நாள்தோறும் காட்சி நடைபெற்றால்தான், மக்கள் அதனைத் தம் வாழ்வின் பகுதியாகக் கொள்வர். இவற்றை உணர்ந்த வின்சென்ட், தாம் பிறந்த ஊருக்கே திரும்பினார். 1914-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் படக்கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவில் எழுந்த முதல் நிலையான படக்கொட்டகைகளுள் ஒன்று அது. சென்னையில் ஒன்றிரண்டு கொட்டகைகள் அப்போதுதான் தோன்றியிருந்தன. சென்னைக்கு வெளியே, தமிழர் ஒருவர் தம் முயற்சியால் இத்தகைய அரங்கை அமைத்தமை பெருஞ்சிறப்பாகும்.

அந்நாளில் கோவையில் பொது மின்சார வசதி இல்லை. நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தது 1930-களின் தொடக்கத்திலேதான். ஆகவே, படக்கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தை வின்சென்ட் தாமே எஞ்சின் வைத்து உண்டாக்கிக்கொண்டார். காட்சி பெரும்பாலும் இரவிலே நடைபெறும். பகலில் அந்த ஆற்றலை வீணாக்குவானேன்? மின்னாற்றலால் இயங்கும் அச்சகத்தையும், மாவு அரைக்கும் ஆலையையும் அவர் நடத்தினார். அவரது எஞ்சின் தந்த மின்சாரத்தால் கொட்டகையை ஒட்டிய தெருவிலும் விளக்குகள் எரிந்தன. எண்ணெய் விளக்கையே கண்டு பழகிய ஊரார், மின்விளக்கைக் காணவும் அத்தெருவை நாடி வந்தனர். படம் காட்ட வந்த ஒளி, படிப்பதற்கு நூல் அச்சிட்டது. உண்பதற்கு மாவு அரைத்தது. நடப்பதற்கு வழியும் காட்டியது.

ஒரே கூரையின் கீழ்

படக்கொட்டகை செய்த மற்றொரு தொண்டு, விளக்கொளியினும் பெரியது. ஆனால் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. நம் நாட்டில் மக்கள் கூடும் இடங்கள் பல இருந்தன. ஆயின், எல்லாரும் எங்கும் கூட இயலவில்லை. பிறப்பினால் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுள் நுழைய முடியாதிருந்தனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர்கள் நுழைந்து வழிபட்டது 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலேதான். ஊர்ப்பொதுவில் நடக்கும் கூத்தையும் எட்ட நின்று காணும் நிலையில் பலர் இருந்தனர்.

படக்கொட்டகையின் வாயிலிலோ, கேட்கப்பெற்றது சீட்டு ஒன்றே. சில காசு கொடுத்தவர் தரையில் அமர்ந்தார். மிகுதியாகக் கொடுத்தவர் விசிப்பலகையில் அமர்ந்தார். அதனினும் மிகுதியாகக் கொடுத்தவர் நாற்காலியில் அமர்ந்தார். பெண்களுக்குத் தனியிடம் இருப்பதும் வழக்கம். இங்கும் உயர்வு தாழ்வு இல்லாமலில்லை. செல்வம் என்னும் வேலி இருக்கவே செய்தது. சில ஊர்களில் பழைய வழக்கமும் எளிதில் விட்டு அகலவில்லை. ஆனாலும், விளக்கு அணைந்து திரை ஒளிர்ந்ததும், ஆலைத் தொழிலாளியும் ஆலை முதலாளியும் ஒரே கூரையின் கீழ், ஒரே காட்சியை, ஒரே நேரத்தில் கண்டனர். ஒரே இடத்தில் நகைத்தனர். ஒரே இடத்தில் கண்ணீர் விட்டனர். சமுதாயத்தில் இஃது ஒரு புதிய பழக்கம். வின்சென்ட் இதனைக் கொள்கையாகக் கூறிப் பரப்பவில்லை. அவர் செய்தது வாணிகமே. எனினும், எல்லார்க்கும் பொதுவான வாயில் ஒன்றைத் திறந்து வைப்பவன், தான் எண்ணியதைக் காட்டிலும் பெரிய செயலைச் செய்துவிடுகின்றான்.

பேசும் படமும் வின்சென்டும்

படங்கள் பெருகப் பெருகச் சட்டங்களும் எழுந்தன. படக்கொட்டகைகளுக்கு உரிமச் சீட்டு வேண்டும் என்றும், படங்களைத் தணிக்கை செய்த பின்னரே காட்ட வேண்டும் என்றும் 1918-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்றது. நம் நாட்டிலேயே படம் எடுக்கும் தொழிலும் வளர்ந்தது. தாதா சாகிப் பால்கே எடுத்த ராஜா ஹரிச்சந்திரா 1913-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்னையில் நடராச முதலியார் கீசக வதம் என்னும் படத்தை எடுத்துத் தென்னாட்டில் படத்தொழிலைத் தொடங்கி வைத்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், தமிழ் ஒலித்த முதற் பேசும் படமாகிய காளிதாஸ் திரைக்கு வந்தது.

பேசும் படத்தின் வருகை காட்சித் தொழிலை நிலைகுலையச் செய்தது. கதை சொல்பவருக்கு வேலை போயிற்று. திரைக்கு முன் இசை வாசித்தோருக்கும் வேலை போயிற்று. பழைய கருவிகள் பயனற்றன. ஒலியைப் பரப்பும் புதுக் கருவிகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முறையில் பழகியவர், இத்தகைய மாற்றத்தைக் கண்டு ஒதுங்கியிருந்தால் வியப்பில்லை. வின்சென்ட் ஒதுங்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. காட்டுபவராக மட்டும் இருந்தவர், எடுப்பவராகவும் ஆனார்.

தென்னாட்டில் பேசும் படம் எடுக்கும் வசதி அன்று இல்லை. ஆகவே, கல்கத்தாவிலிருந்த பயோனியர் படக்கம்பெனியுடன் சேர்ந்து, வள்ளி திருமணம் என்னும் படத்தை அவர் தயாரித்தார். காளிதாஸ் படத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமி அம்மையார் இப்படத்திலும் வள்ளியாக நடித்தார். 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் மக்களின் பேராதரவைப் பெற்றது. அதற்குக் காரணம் ஆராய்தற்கு அரியதன்று. நாடக மேடையில் மக்கள் பன்முறை கண்டு களித்த கதை அது. எந்தக் கதைக்கு மக்கள் கூடுவர், எந்தக் காட்சியில் மகிழ்வர் என்பதைக் கூடாரத்தின் இருளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து கற்றவர் வின்சென்ட். பின்னர்க் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ என்னும் படப்பிடிப்பு நிலையம் உருவானபோது, அம்முயற்சியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. கோவை நகரம் தமிழ்ப் படத்தொழிலின் முதன்மை இடங்களுள் ஒன்றாக விளங்கிய காலத்துக்கு, அவருடைய உழைப்பும் அடிப்படையாயிற்று.

மறைவும் நினைவும்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1942-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். அவர் கட்டிய வெரைட்டி ஹால், பிற்காலத்தில் டிலைட் என்னும் பெயர் பெற்றது. நகரில் புதிய பெரிய அரங்குகள் எழுந்தன. புதுப்படங்கள் அவ்வரங்குகளை நாடிச் சென்றன. அந்நிலையிலும் டிலைட் அரங்கு உடனே மூடப்பெறவில்லை. பழைய தமிழ்ப் படங்களைக் குறைந்த கட்டணத்தில் திரையிட்டு, நெடுநாள் மக்களை வரவேற்றது. முன்னர் இளமையில் கண்ட படங்களை முதுமையில் மீண்டும் காண வந்தோர்க்கும், நாள் முழுதும் உழைத்துச் சிறிது இளைப்பாற விரும்பிய எளியோர்க்கும் அது புகலிடமாயிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கட்டிய அரங்கு, புதுமையைக் காட்டத் தொடங்கிப் பழமையைக் காக்கும் இடமாக மாறியது. பின்னர் அங்கும் காட்சி நின்றது. அத்தெரு மட்டும் வெரைட்டி ஹால் சாலை என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

பழைய படங்களைத் திரையிடுவதால் பயன் யாது என்று சிலர் வினவக்கூடும். இதற்கு விடை தமிழ்ப் படவரலாற்றிலேயே உள்ளது. நடராச முதலியாரின் கீசக வதம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. காளிதாஸ் படமும் கிடைக்கவில்லை. ஓடி முடிந்த படத்தால் இனிப் பயனில்லை என்று எண்ணியமையால், சுருள்கள் காப்பாரின்றி மட்கின, சில தீக்கிரையாயின. இந்திய அரசு தேசியத் திரைப்படக் காப்பகத்தைப் புனேயில் நிறுவியது 1964-ஆம் ஆண்டில்தான். அதற்குள் ஊமைப் படங்களுள் மிகப் பல அழிந்தொழிந்தன. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் பறிகொடுத்த நாம், படச்சுருள்களையும் அவ்வாறே பறிகொடுத்தோம். தேடி எடுத்துக் காப்பதும், காத்ததை மக்களுக்கு மீண்டும் காட்டுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் கலை வாழும். பெட்டியுள் உறங்கும் சுருள், படிக்கப்பெறாத ஏட்டினும் பயன் குறைந்தது. திரையும் காண்போரும் இருக்கும் வரையில்தான் அது படம்.

வின்சென்டின் வாழ்விலிருந்து நாம் கற்பவை பல. தவறாத ஊதியத்தை விட்டு, உறுதியற்ற முயற்சியில் அவர் இறங்கினார். அது கண்மூடித்தனமான துணிவன்று. கருவியைக் கற்றார், ஊர்களை அறிந்தார், மக்களின் மனத்தை உணர்ந்தார், காலம் மாறியபோது தாமும் மாறினார். கற்ற தொழிலைத் தமக்கென்று மறைத்து வைக்காது, பிறரும் மேற்கொள்ள வழி செய்தார். பெருநகரத்துச் செல்வரிடம் மட்டும் இருந்த ஒரு புதுமையை எளியவரின் ஊருக்குக் கொண்டு சென்றார்.

இன்று உள்ளங்கையளவு கருவியிலேயே ஒருவர் தனியே அமர்ந்து படம் காண முடிகின்றது. வசதி பெருகியது உண்மையே. எனினும், முன்பின் அறியாதவர் அருகருகே அமர்ந்து, ஒன்றாக வியந்து, ஒன்றாக நகைக்கும் பொதுவிடத்தின் மதிப்பு அதனாற் குறைந்துவிடாது. அத்தகைய பொதுவிடம் தானே தோன்றுவதில்லை. ஒருவர் கம்பம் நட வேண்டும். ஒருவர் கூடாரம் விரிக்க வேண்டும். ஒருவர் கை சோராது பிடியைச் சுழற்ற வேண்டும். திரையில் தோன்றியவர்களை நாடு நினைக்கும்போது, திரையையே கொண்டு வந்தவரையும் நினைத்தல் நம் கடமையாகும்.